நேரத்துக்குக் குளிசை: பார்க்கின்சன் சங்கம் ஒன்று எப்படி உண்டானது?

காலிவீதி_கலா
செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. கொழும்புக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்தவர். அவருடைய கையெழுத்துக்காகவே ஆட்கள் வீடு தேடி வந்து விண்ணப்பம் எழுதுவித்துக்கொண்டு போவார்கள். ஏழு வருடத்துக்கு முன் முதலில் சுருங்கியது அந்தக் கையெழுத்துத்தான். கை நடுக்கம் எல்லாம் அப்போது இல்லை. வரி தொடங்கும்போது பயறு அளவு இருக்கும் எழுத்து, வரி முடியும்போது கடுகு அளவாகிவிடும். பென்சன் எடுக்கப் போன இடத்தில் ஒப்பம் பொருந்தவில்லை என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் கண்ணாடியை மாற்றினோம். பேனையை மாற்றினோம். கடைசியில் ஒரு நரம்பு டொக்டர் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து, "ஐயா, ஒரு வசனம் எழுதுங்கோ" என்றார். எழுதியதைப் பார்த்த பிறகுதான் நடந்து காட்டச் சொன்னார். நடுக்குவாதம் என்று நம் ஆட்கள் சொல்கிற நரம்பு வியாதி: பார்க்கின்சன்.

சரி, அது பழைய கதை. இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. இந்த மாசி மாதம் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். அவருடைய குளிசை நேரம் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6. வாட்டில் குளிசை வண்டி வருவது அவர்களுடைய நேரத்துக்கு. நான் கெஞ்சிப் பார்த்தேன். "எல்லாருக்கும் குடுக்கேக்கதான் இவருக்கும், அம்மா" என்று பதில். இரண்டாம் நாள் பின்னேரம் அப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. எலும்பு முறிந்த மனிதர் மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். எலும்பு வைத்தியருக்கு அது ஏன் என்று விளங்கவில்லை, எனக்கு விளங்கியது, ஆனால் நான் யார் சொல்ல?

லண்டனில் இருக்கிற மச்சாளிடம் அழுதபோது அவள் சொன்னாள்: "இதுக்கெண்டே இங்க ஒரு சங்கம் வருஷக்கணக்கா சண்டை பிடிக்குது." அந்தச் சங்கம் எப்படி உண்டானது, யார் தொடங்கினார்கள், யாருக்காவது தெரியுமா? இங்கே அப்படி ஒன்று செய்ய முடியுமா என்று தலைக்குள் ஒரு பூச்சி குடைகிறது.


லண்டன்_சுதா
செவ்வாய், இரவு 11.40

அக்கா, உங்கள் மச்சாள் சொன்னது பார்க்கின்சன்ஸ் யூகேயைத்தான். நான் ஹரோவில் மாதம் ஒருமுறை அவர்களுடைய கூட்டமொன்றில் தேத்தண்ணி ஊற்றப் போகிறேன். ஊற்றுவதில் பெரிய வித்தை என்னவென்றால், கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. கை நடுங்குகிறவர் அப்போதுதான் வெட்கமில்லாமல் குடிப்பார். முதல் நாள் நான் தளும்பத் தளும்ப ஊற்றி ஒரு பாட்டியின் சேலையை நனைத்துவிட்டேன். குஜராத்திப் பாட்டி. இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

கதைக்கு வருவோம். தொடங்கியவர் மாலி ஜென்கின்ஸ் என்ற பெண்மணி. பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைத்துவிட வேண்டாம், வேல்ஸ்காரர்கள் வைக்கும் பெயர் அது. அவருடைய சகோதரி சேராவுக்குப் பார்க்கின்சன். நோயைப் பற்றி, வீட்டில் பார்த்துக்கொள்வதைப் பற்றி, யாரிடம் கேட்பதென்றே தெரியாத காலம். 1969ல் அவர் பார்க்கின்சன் நோய்ச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். டொக்டரும் இல்லை, பிரபுவும் இல்லை. கூடப்பிறந்தவளுக்காகத் தொடங்கிய சங்கம், அவ்வளவுதான். 2010ல்தான் பெயரை பார்க்கின்சன்ஸ் யூகே என்று மாற்றினார்கள். பெயரில் இருந்த 'நோய்' போய்விட்டது.

நீங்கள் கேட்ட சண்டை 2006ல் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'நேரத்துக்குக் கிடைக்கட்டும்' என்று வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற பார்க்கின்சன் நோயாளிக்கு அவருடைய நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும், வாட்டின் நேரத்தில் அல்ல. இன்று இங்கே வழிகாட்டி விதியிலேயே இருக்கிறது, குறித்த நேரத்துக்கு முன்னோ பின்னோ 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று. இருந்தும் எல்லா இடத்திலும் நடக்கிறதா என்றால், இல்லை. இன்னும் சண்டைதான்.


மூலைக்கடை_பாமசி
புதன், காலை 7.05

கலா அக்கா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது ஏன் என்று விளக்குகிறேன். டொக்டர் இல்லை நான், பாமசியில் 22 வருடம்.

மூளையில் டோப்பமின் என்ற பொருளைச் செய்கிற கலங்கள் அழிந்துபோவதுதான் இந்த வருத்தத்தின் அடிப்படை. டோப்பமினை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதனால் லெவோடோப்பாவைக் கொடுக்கிறார்கள், அது உள்ளே போய் டோப்பமினாக மாறும். வழியிலேயே மாறிவிடாமல் இருக்கக் கூடவே கார்பிடோப்பா. இந்த லெவோடோப்பா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணித்தியாலம் போதும். நோய் முற்ற முற்ற மூளையால் மிச்சம்பிடித்து வைக்க முடியாது. அதனால் குளிசை ஒரு மணித்தியாலம் பிந்தினாலே ஆள் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடுவார். திடீரென்று முழுதாக நிறுத்தினால் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று. சாப்பாட்டில் இருக்கிற புரதமும் லெவோடோப்பாவும் குடலில் ஒரே வாசலால்தான் உள்ளே போகின்றன. பருப்பும் மீனும் முந்திக்கொண்டால் குளிசை வாசலில் நிற்கும். அரை மணித்தியாலம் முந்திப் போடச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், வாந்திக்கு என்று மெட்டோக்ளோபிரமைட் எழுதிவிட்டால் பார்க்கின்சன் கூடும். தலைச்சுற்றுக்கு வழக்கமாக எழுதுகிற சில குளிசைகளும் அப்படித்தான். துண்டைக் கொண்டுவருகிறவர் "வீட்டில் பார்க்கின்சன் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் டொக்டருக்கு போன் எடுத்துக் கேட்பேன். சொல்ல மாட்டார்கள். சத்தம் போட்டுச் சொல்ல வெட்கம்.


கொட்டாஞ்சேனை_ரவி
புதன், காலை 8.31

எல்லாம் நல்ல கதைதான். ஆனால் லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் 1969ல் என்ன செய்தால் நமக்கென்ன? அங்கே காசு இருக்கிறது, அரசாங்கம் கேட்கும். இங்கே சங்கம் வைத்தால் முதல் வருடம் தலைவர், செயலாளர், பொருளாளர். இரண்டாம் வருடம் பொன்னாடை. மூன்றாம் வருடம் இரண்டு சங்கம். நான் பார்க்காத சங்கமா?

நடுக்குவாதத்துக்கு நம் நாட்டு வைத்தியத்திலேயே பூனைக்காலி விதை இருக்கிறது. அதைச் சாப்பிட்டாலே போதும்.


மூலைக்கடை_பாமசி
புதன், காலை 9.10

ரவி அண்ணா, பூனைக்காலியில் இருப்பதும் லெவோடோப்பாதான். அந்த விதையை நடுக்கத்துக்குக் கண்டுபிடித்த நம் பழைய வைத்தியர்களுக்குத் தலைவணங்க வேண்டியதுதான். ஆனால் ஒரு விதையில் எவ்வளவு, இன்னொரு விதையில் எவ்வளவு என்று தெரியாது. குளிசையும் போட்டு, யாருக்கும் சொல்லாமல் விதைப்பொடியும் சாப்பிட்டு, கை கால் எல்லாம் தன்பாட்டில் ஆடத் தொடங்கிய ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். சாப்பிடுவதென்றால் டொக்டருக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.


மட்டுறுத்துனர்
புதன், காலை 9.30

யாரும் இங்கே அளவு சொல்லி மருந்து பரிந்துரைக்க வேண்டாம். சங்கம் உடைவது பற்றிய பகிடிகளுக்குத் தடையில்லை.


ஓய்வுபெற்ற_ரீச்சர்
புதன், பிற்பகல் 3.20

பிள்ளைகளே, நான் சரித்திரம் படிப்பித்தவள், ஆகையால் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனின் ஹொக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1755 ஏப்ரல் 11ல் பிறந்தார். அதனால்தான் ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். 1817ல் இந்த நடுக்கத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இருப்பது ஆறே ஆறு பேர். அவர்களிலும் சிலர் அவரிடம் மருந்துக்கு வந்தவர்கள் அல்ல, தெருவில் கண்டவர்கள். ஒருவரைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. காலி வீதியில் பின்னேரம் நின்று நடந்து போகிறவர்களைப் பார்த்து ஒரு வியாதியைக் கண்டுபிடிப்பது மாதிரி. மனிதர் லேசுப்பட்டவரும் இல்லை. புனைபெயரில் அரசியல் துண்டுப்பிரசுரம் எழுதி, அரசனைக் கொல்லச் சதி என்ற வழக்கில் விசாரணைக்கும் போனவர். புதைபடிவம் சேர்ப்பதில் பித்து வேறு. நோய்க்கு அவருடைய பெயரை வைத்தது அவர் போய்ப் பல வருடத்துக்குப் பிறகு, பாரிஸில் சார்க்கோ என்ற பெரிய நரம்பு வைத்தியர்.

அந்த 1817ம் ஆண்டு நூலுக்குப் பிறகு கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் இந்த நோயாளிகளுக்குப் பெரிதாகப் பலன் தரும் மருந்தொன்றும் இருக்கவில்லை. 1957ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் என்ற மருந்தைக் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கப்போட்டு அப்படியே சிலையாகிவிட்டன. லெவோடோப்பாவைக் கொடுத்ததும் எழுந்து ஓடின. 2000ல் அவருக்கு நோபல் பரிசு. ரெசர்பைன் எதிலிருந்து எடுத்தது தெரியுமா? சர்ப்பகந்தா வேர். ரவி தம்பிக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1967ல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்பவர், சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் லெவோடோப்பா மனிதர்களிலும் பலனளிக்கும் என்று காட்டினார். இனி மாலி ஜென்கின்ஸின் ஆண்டைப் பாருங்கள், 1969. கதிரையில் உறைந்து கிடந்தவர்கள் எழும்பத் தொடங்கிய நேரம். கிடந்தவர் எழும்பினால்தான் கேள்வி வரும்: எத்தனை மணிக்குப் போடுவது, ஏன் பின்னேரத்தில் மறுபடி விறைக்கிறது, வேலைக்குப் போகலாமா, கார் ஓட்டலாமா? டொக்டருக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. சங்கம் வந்தது அந்த இடைவெளியில் என்பது என் கணிப்பு.


கொட்டாஞ்சேனை_ரவி
புதன், மாலை 5.02

ரீச்சர், சர்ப்பகந்தா விஷயம் பிடித்தது. மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.


லண்டன்_சுதா
புதன், இரவு 10.15

ரீச்சர் சொன்ன இடைவெளி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு விஷயம்.

ஒன்று, தாதிமார். 1989ல்தான் இங்கே பார்க்கின்சனுக்கென்றே பயிற்சி பெற்ற முதல் தாதி வந்தார். சங்கம் முன்னால் நின்று அந்தப் பதவியை வளர்த்தது. என்னுடைய கூட்டத்தில் வருகிறவர்கள் நரம்பு டொக்டரின் பெயரை மறந்தாலும் அந்தத் தாதியின் பெயரை மறப்பதில்லை.

இரண்டாவது, ஜோய் மில்ன் கதை. ஸ்கொட்லாந்தில் பேர்த் என்ற ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி. கணவர் லெஸ் டொக்டர். அவருக்கு முப்பது சொச்சம் வயதில் உடம்பில் ஒரு விதக் கஸ்தூரி வாசம் வரத் தொடங்கியது. "ஒழுங்காகக் குளியுங்கள்" என்று சண்டை. பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. அப்போதும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. பிறகு ஒருநாள் இரண்டு பேரும் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனார்கள். வாசலைத் தாண்டினால் அறை முழுக்க அதே வாசம்!

எடின்பரோவில் ஒரு கூட்டத்தில் டிலோ குனத் என்ற விஞ்ஞானியிடம் எழுந்து கேட்டாராம், நோயாளிகளின் வாசத்தை ஏன் நீங்கள் பயன்படுத்துவதில்லை என்று. முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் போட்ட டீசேர்ட். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் சுகமானவர்கள். நோயாளிகள் ஆறு பேரையும் ஜோய் சரியாகச் சொன்னார். சுகமானவர் ஒருவரையும் நோயாளி என்றார். ஒரு பிழை என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த ஆளே வந்து, எனக்குப் பார்க்கின்சனாம் என்றார். இப்போது மன்செஸ்டரில் தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்து அந்த வாசத்தின் இரசாயனத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

ரவி அண்ணா, பொன்னாடை போர்த்துகிற சங்கமாகவே இருந்தாலும், இவ்வளவு பேர் ஒரு அறையில் சேர்ந்து இருந்திராவிட்டால் அந்த அம்மாவுக்கு இது தெரியவந்திருக்காது.


பேசாப்பொருள்
வியாழன், காலை 2.48

நான் இங்கே வாசிப்பவன் மட்டும். இதுதான் முதல் பதிவு. தட்டச்சுப் பிழை இருந்தால் மன்னிக்கவும், ஒரு விரலால் அடிக்கிறேன்.

எனக்கு வயது 48. மூன்று வருடமாகப் பார்க்கின்சன். மனைவிக்கும் டொக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். குடும்பத்தில் நரம்பு வியாதி என்று ஒரு சொல் வெளியே போனால் போதும். ஒபிஸில் இடது கையைக் காற்சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். ஸ்டைலாக நிற்கிறான் என்று நினைக்கிறார்கள். 101 பஸ்ஸில் ஏறும்போது கால் படியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "காலையிலேயே போட்டுட்டு வந்திட்டான்" என்று பின்னால் ஒருவர் தமிழில் சொன்னார். சிங்களத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது, ஏனோ தெரியவில்லை.

வீட்டில் கதவு நிலையில் கால் நின்றுவிடும். சமதரையில் நடக்கலாம், நிலைக்கு வந்தால் பசை. மகள் பரதம் படிக்கிறாள். அவள் ஒருநாள் விளையாட்டுக்குத் தகதிமி தகஜணு என்று தட்டினாள். கால் எழும்பியது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நானே வாய்க்குள் சொல்லிக்கொண்டு நிலையைத் தாண்டுகிறேன்.

மைக்கல் ஜே. ஃபொக்ஸ் என்ற நடிகருக்கு 1991ல் 29 வயதில் வந்ததாம். 1998வரை ஊருக்குச் சொல்லவில்லை. 2000ல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, இன்று பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று அது. ஏழு வருடம் மறைத்தவர். எனக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்று மனைவியிடம் பகிடியாகச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை.


காலிவீதி_கலா
வியாழன், காலை 6.20

தம்பி, அப்பாவுக்கு ஆறு மணிக் குளிசையைக் கொடுத்துவிட்டு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "தகதிமி" என்ற இடத்தில் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இப்போது வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் இடையில் நின்று முயற்சி செய்துகொண்டிருக்கிறார். தாளம் பிழைக்கிறது, கால் போகிறது.


ஓய்வுபெற்ற_ரீச்சர்
வியாழன், காலை 10.00

பேசாப்பொருள் தம்பி, எழுதியதற்கு நன்றி. தங்கையின் கல்யாணம் பற்றி ஒன்று. பார்க்கின்சன் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. பரம்பரைக் காரணம் உள்ளவர்கள் சிறு பகுதியினர்தான், அதை டொக்டரிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் எது எடுபடும் எது எடுபடாது என்பது வேறு சாஸ்திரம். மறைத்ததற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லோருக்கும் இன்னொரு கதை. இது வேறு நரம்பு நோய், மல்டிபிள் ஸ்குளரோசிஸ். 1945 மே 1ல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. போட்டவர் சில்வியா லாரி. தம்பி பேர்னாடுக்கு அந்த நோய். இதிலிருந்து குணமானவர் யாராவது இருந்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார். பதில்கள் வந்தன. குணமானவர் ஒருவரும் இல்லை! எழுதியவர்கள் எல்லாரும், "உங்களுக்கு யாராவது பதில் போட்டால் எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள். சில்வியா அவர்களையே ஒன்றுசேர்த்தார். 1946ல் சங்கம். நான்கு வருடத்துக்குள் அமெரிக்கக் காங்கிரஸின் கதவைத் தட்டி, 1950ல் நரம்பு நோய்களுக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் உண்டாவதற்கு அவருடைய சங்கமும் ஒரு காரணம்.

மரண அறிவித்தலுக்கும் மணமகன் தேவைக்கும் வீரகேசரியில் விளம்பரம் போடுகிறோம். இதற்கு ஒரு நாலு வரி போட்டால் என்ன?


கொட்டாஞ்சேனை_ரவி
வியாழன், பிற்பகல் 1.15

போட்டால் நாளைக்கே எண்ணெய் விற்கிறவன், தாயத்துக் கட்டுகிறவன், வெளிநாட்டில் வைத்தியம் என்கிற ஏஜென்சிக்காரன் எல்லாரும் போன் எடுப்பான். யாருடைய நம்பரைப் போடப்போகிறீர்கள்?

(சில்வியா கதை நல்ல கதை. அதை மறுக்கவில்லை.)


மூலைக்கடை_பாமசி
வியாழன், பிற்பகல் 2.00

ரவி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2022ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நானே அதைப் பார்த்தேன். ஒரு அட்டைக் குளிசைக்கு ஆட்கள் மூன்று பாமசி ஏறி இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்து யார் யாரோ எதை எதையோ விற்றார்கள். அப்போது எனக்குத் தோன்றியது, இந்த ஆட்களுக்கு ஒருவரை ஒருவர் தெரிந்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று. மூன்றாம் மாடியில் இருப்பவரிடம் இரண்டு மாத இருப்பு, ஐந்தாம் மாடியில் இருப்பவரிடம் நாளைக்கு இல்லை. இரண்டு பேரும் என் வாடிக்கையாளர்கள். ஒருவருடைய வியாதியை இன்னொருவருக்கு நான் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

1957ல் நியூயோர்க்கில் பார்க்கின்சனுக்கு ஒரு அறக்கட்டளை தொடங்கியவர் வில்லியம் பிளாக் என்ற கோப்பிக் கடை முதலாளி. அவருடைய கம்பனியில் கணக்குப் பார்த்த நண்பருக்கு இந்த வருத்தம் வந்ததனால் தொடங்கினார். கோப்பி குடிக்கிறவர்களுக்குப் பார்க்கின்சன் வருவது குறைவு என்று பிற்காலத்தில் ஆய்வுகள் சொன்னது தனிக்கதை. அதற்காக இன்றே கோப்பிக்கு மாற வேண்டாம், வந்தபிறகு குடித்தால் போகும் என்று யாரும் சொல்லவில்லை.


காலிவீதி_கலா
வியாழன், இரவு 8.45

எல்லாவற்றையும் வாசித்தேன். சங்கம், யாப்பு, தலைவர் எல்லாம் எனக்கு வேண்டாம், ரவி அண்ணா நிம்மதியாக இருக்கலாம். மறதி நோய்க்கு இங்கே 2001ல் தொடங்கிய லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது, கொழும்பில். அப்படி ஒன்றைக் கட்டியெழுப்ப என்னால் முடியாது, வீட்டில் அப்பாவை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் வெளியே போக முடியாதவள் நான்.

எனக்குத் தேவை ஒரு அட்டை. வாட்டில் நான் வாயால் சொன்னதை எவரும் கேட்கவில்லை. அச்சடித்த ஒன்று கையில் இருந்திருந்தால்? சுதா, அங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா?


லண்டன்_சுதா
வியாழன், இரவு 11.05

இருக்கிறது அக்கா. நோயாளி கையோடு கொண்டு திரிகிற அட்டை. எனக்குப் பார்க்கின்சன், எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்ற மாதிரி. கடையில் காசு எண்ணப் பிந்தும்போது வரிசையில் நிற்பவர்களுக்குக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டில் தலைமாட்டில் வைக்க மணிக்கூடு படம் போட்ட தாளும் உண்டு. குளிசை நேரத்தை அதில் குறித்து வைக்கலாம்.


காலிவீதி_கலா
வெள்ளி, காலை 5.50

இரவு நித்திரை வரவில்லை, எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

"எனக்குப் பார்க்கின்சன் நோய் உள்ளது. நான் குடித்திருக்கவில்லை. நான் பேசவும் நடக்கவும் நேரம் எடுக்கும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தால், தயவுசெய்து என் குளிசைகளை இந்த நேரங்களில் தாருங்கள்: ..... ..... ..... ..... பிந்தினால் என்னால் அசையவோ விழுங்கவோ முடியாமல் போகும். மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது."

பின்பக்கத்தில் இதே சிங்களத்தில்.


மூலைக்கடை_பாமசி
வெள்ளி, காலை 7.15

"மெட்டோக்ளோபிரமைட் வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். அதை மட்டும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள், வாட்டில் துண்டு எழுதுகிறவர் கண்ணில் படும்.


கொட்டாஞ்சேனை_ரவி
வெள்ளி, காலை 8.40

எனக்கு ஜம்பெட்டா வீதிப் பக்கம் சின்ன அச்சகம் ஒன்று இருக்கிறது. கல்யாணக் காட்டும் விசிட்டிங் காட்டும்தான் வேலை. சிங்களப் பக்கத்தை என்னிடம் வேலை செய்கிற பெடியன் எழுதித்தருவான், எழுத்துப்பிழை விடாதவன். லமினேட் பண்ணித் தருகிறேன். காசைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

அம்மாவுக்கு இருந்தது. 2011ல் போனா. அப்போது நாங்கள் வயசு நடுக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பூனைக்காலி அப்போது வாங்கியதுதான்.


பேசாப்பொருள்
வெள்ளி, காலை 11.22

இரண்டு விஷயம், ரவி அண்ணா. எழுத்தைத் தடிப்பாகப் போடுங்கள். அளவு சட்டைப் பைக்குள் நுழைகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் மேலே அரை அங்குலம் வெளியே நிற்க வேண்டும். பர்ஸுக்குள் இருந்தால் எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் பஸ் போய்விடும்.


ஓய்வுபெற்ற_ரீச்சர்
வெள்ளி, பிற்பகல் 12.05

"நான் குடித்திருக்கவில்லை" என்பதை இரண்டாவது வரியாகவே வைத்திருங்கள் கலா. யார் சொன்னாலும் எடுக்க வேண்டாம்.


காலிவீதி_கலா
வெள்ளி, இரவு 7.30

ரவி அண்ணா அனுப்பிய மாதிரியைத் தாளில் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மேசையில் வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனை கேட்டார். கச்சேரியில் திருத்துகிற மாதிரியே ஓரத்தில் கோடு போட்டுத் திருத்தியிருக்கிறார், எழுத்து கடுகு அளவு, நான் கண்ணாடி போட்டுத்தான் வாசித்தேன். "ஆஸ்பத்திரியில்" என்பதை "வைத்தியசாலையில்" ஆக்கியிருக்கிறார். "தயவுசெய்து" என்ற சொல்லை வெட்டிவிட்டார்.

ஏனப்பா என்று கேட்டேன். "இது விண்ணப்பம் இல்லைத்தானே" என்றார்.


கொட்டாஞ்சேனை_ரவி
வெள்ளி, இரவு 7.52

சரி, அந்தச் சொல் இல்லாமல் அடிக்கிறேன். ஆருக்கு எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள். திங்கள் மெஷின் சும்மா இருக்கும்.


பேசாப்பொருள்
வெள்ளி, இரவு 9.16

எனக்கு இரண்டு. ஒன்று ஒபிஸ் மேசைக்கு.